வியாழக்கிழமைக்குள் ஒரு குவளைச் சிறுநீரைப் பரிசோதிக்க ஆணையிடக் கோருவது

அனுப்புநர்
குன்வோர் ரைடெல் (வயது 61),
முதுநிலைப் பகுப்பாய்வாளர்,
இரத்தப் பரிசோதனை ஆய்வகம்,
மாவட்ட மருத்துவமனை, ஹோல்ம்ஸ்விக்.

பெறுநர்
தலைமை மேற்பார்வையாளர் அவர்கள்,
மருத்துவ மேற்பார்வை அலுவலகம், வடபகுதி.
(அவர் கோடை விடுப்பில் இருப்பின், அவருடைய நாற்காலியில் தற்போது அமர்ந்திருப்பவர்.)

பொருள்: இல்லாத கட்டிக்காகத் திருமதி தூவா சாண்டெலினின் கருப்பையை அகற்றவிருப்பதைத் தடுத்து நிறுத்தக் கோருதல், ஆய்வகத் தலைவர் திரு. டோர்னி லிண்ட்ஸ்டாம் மற்றும் இன்னொருவர் மீது நடவடிக்கை கோருதல்.

பார்வை: 1. ஆய்வகத் தலைவருக்கு நான் அளித்த கடிதம், நாள் 11.07.2014.
2. அதற்குப் பதிலாக எனக்கு வழங்கப்பட்ட எழுத்துமூல எச்சரிக்கை, நாள் 14.07.2014.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ஆய்வகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இதுவரை யார்மீதும் புகார் எழுதியதில்லை. எழுதத் தக்க ஆட்கள் இல்லாமல் இல்லை. எழுதி ஆகப்போவது என்ன என்ற சோம்பல்தான். இம்முறை சோம்பலுக்கு இடமில்லை. வரும் வியாழக்கிழமை, ஆகஸ்ட் ஏழாம் நாள் காலை எட்டு மணிக்கு, எங்கள் மருத்துவமனையில் முப்பத்து மூன்று வயதுப் பெண் ஒருவரின் கருப்பையை எடுக்கப்போகிறார்கள். அவருக்குக் குழந்தை இல்லை. குழந்தை வேண்டும் என்று விரும்புகிறவர். அவர் கருப்பையில் கட்டியும் இல்லை. இம்மூன்றும் தெரிந்த ஒரே ஊழியர் நானாக இருப்பதால் இம்மனுவை எழுத நேர்ந்தது.

2. அப்பெண்ணின் பெயர் தூவா சாண்டெலின். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். கடந்த பிப்ரவரியில் அவருக்கு முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (கரு உருவாகாமல் திசு மட்டும் கொத்தாக வளர்வது) ஏற்பட்டு, சுத்தம் செய்யப்பட்டது. அவ்வாறு ஆனவர்களுக்குச் சில சமயம் கருப்பையில் எஞ்சிய திசு புற்றுக்கட்டியாக மாறக்கூடும் என்பதால், வாரந்தோறும் இரத்தத்தில் எச்.சி.ஜி. என்ற பொருளை அளக்கிறோம். கர்ப்பத்தில் சுரக்கும் பொருள் அது. அந்தக் கட்டியிலும் சுரக்கும். தூவாவுக்கு அது வாரா வாரம் குறைந்து ஏப்ரல் 24 அன்று இல்லையென்றே ஆனது. அடுத்த இரண்டு வாரமும் இல்லை. முறைப்படி அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருந்திருக்க வேண்டியவர்.

3. மே 12 அன்று எங்கள் ஆய்வகம் எச்.சி.ஜி. அளக்க வேறொரு நிறுவனத்தின் கிட்டுக்கு (சோதனைப் பொருள் தொகுப்புக்கு) மாறியது. மே 15 அன்று தூவாவின் அளவு 143 என்று வந்தது. அதற்கடுத்த வாரங்களில் 141, 146, 143, 144. ஒரே வாரத்தில் எங்கிருந்தோ குதித்து வந்து, பதினொரு வாரமாக வளராமலும் தேயாமலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் கட்டியை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை. மகப்பேறு மருத்துவர் டாக்டர் சிக்வார்ட் மோலின் கண்டிருக்கிறார் போலும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. "மிகச் சிறியதாக இருக்கலாம்" என்று எழுதினார். ஜூன் மாதம் இரண்டு சுற்று புற்றுநோய்க்கான நச்சு மருந்து ஊசி போடப்பட்டது. எண் அசையவில்லை. "மருந்துக்கு மசியாத வகை" என்று எழுதினார். அந்தக் கட்டி ஒரே ஒரு கிட்டில் மட்டும்தான் குடியிருக்கிறது என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை. எண் மசியவில்லை, தூவா மசிந்தார். வாயெல்லாம் புண்ணாகி, ஜூன் மாத மிட்சமர் பண்டிகை விருந்தில் ஒரு ஸ்ட்ராபெர்ரியைக்கூடக் கடிக்க முடியாமல் குளிர்ந்த தயிரை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக என்னிடம் சொன்னார். ஜூலை 3 அன்று கருப்பையை எடுத்துவிடுவது என்று டாக்டர் மோலின் முடிவு செய்தார். ஜூலை 4 அன்று தமது தீவுக் குடிலுக்குப் போய்விட்டார். அங்கே தொலைபேசி எட்டாது. அதற்காகவே அந்தத் தீவை வாங்கினார் என்பதை மருத்துவமனையில் எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லுவார்.

4. ஜூலையில் நம் நாடே விடுப்பில் போய்விடும் என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வகத்தில் பதினான்கு பேரில் ஐவர் இருந்தோம். இரத்தம் எடுக்கும் மேசையில் ஆள் இல்லாததால் ஜூலை 8 அன்று நானே போய் உட்கார்ந்தேன். பல ஆண்டுகளாக 143 என்பது போன்ற எண்களை மட்டுமே பார்த்துவந்தவள், அன்று அந்த எண்ணுக்குரிய கையைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய கீறலும் புதிய கீறலுமாக இருந்தது. யாராவது அடிக்கிறார்களோ என்று நினைத்து, வீட்டில் எல்லாம் நலமா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் கூறியதை அப்படியே தருகிறேன்: "பிரிகேடியர் கீறினதுங்க. எட்டாவது தடைன்னா அவனுக்கு ஆகாது. தூக்கி மறுபடி கோட்டுல விட்டா ஒரே கோபம். நல்ல பிள்ளைதான், தாண்டிட்டான்னா வந்து மடியில படுத்துக்குவான்."

5. பிரிகேடியர் என்பது ஒரு முயல். திருமதி சாண்டெலின் முயல்களைத் தடை தாண்டப் பழக்கிப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்பவர். பதினாறு வயதிலிருந்து செய்கிறார். தற்போது வீட்டில் ஒன்பது முயல்கள் உள்ளன. பதினேழு ஆண்டுகளாக முயலின் நகமும் பல்லும் எச்சிலும் அவர் தோலுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. இது மருத்துவக் குறிப்பில் எங்கும் இல்லை. புகைப்பீர்களா, குடிப்பீர்களா, வாரத்தில் எத்தனை நாள் நடப்பீர்கள் என்று கேட்கும் படிவத்தில் முயலுக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எங்கள் மருத்துவமனையில் எவரும் கேட்பதில்லை.

6. முயலுக்கும் கட்டிக்கும் என்ன தொடர்பு என்று தாங்கள் வினவலாம். ஆய்வகத் தலைவரும் வினவினார், விடைக்குக் காத்திருக்கவில்லை. தாங்கள் காத்திருப்பீர்கள் என நம்பிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இக்கிட்டில் இரண்டு ஆன்டிபாடிகள் (ஒன்றைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருள்கள்) உள்ளன. ஒன்று சோதனைத் தட்டின் குழியின் அடியில் ஒட்டியிருந்து எச்.சி.ஜி.யைக் கீழிருந்து பிடிக்கும். மற்றொன்று மேலிருந்து பிடித்து நிறம் காட்டும். நிறம் எவ்வளவோ, பொருள் அவ்வளவு. பழைய கிட்டில் இரண்டும் எலியிடமிருந்து பெறப்பட்டவை. புதிய கிட்டில் இரண்டும் முயலிடமிருந்து பெறப்பட்டவை. பதினேழு ஆண்டுகள் முயலிடம் கீறல் வாங்கியவரின் இரத்தத்தில், முயல் சரக்கு எதைக் கண்டாலும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பு உருவாகியிருக்கும். அது கீழே இருப்பதை ஒரு கையாலும் மேலே இருப்பதை மறு கையாலும் பிடித்துக்கொள்கிறது. நடுவில் எச்.சி.ஜி. இல்லவே இல்லை, ஆனால் நிறம் வந்துவிடுகிறது. கருவி அதைப் பார்த்து 143 என்கிறது. கருவியைக் குறை சொல்ல முடியாது. அதற்கு யோசிக்கச் சம்பளம் கொடுக்கவில்லை.

7. இது என் கற்பனையன்று. கிட்டுடன் வரும் கையேட்டில் பதினான்காம் பக்கம், கீழிருந்து மூன்றாம் வரியில், "விலங்குகளுடன் நெடுநாள் தொடர்புடையோரிடம் பொய்யான உயர் முடிவு வரக்கூடும், ஐயம் எழுந்தால் வேறு முறையில் உறுதி செய்க" என்று அச்சிடப்பட்டுள்ளது. மே மாதத்திலிருந்து அக்கையேட்டை ஆய்வகத்தில் ஒருவரும் படிக்கவில்லை. அது காப்பி இயந்திரத்தின் பின்புற இடது காலுக்கு அடியில், இயந்திரம் ஆடாதிருக்கும் பொருட்டு, நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஜூலை 9 அன்று அதை அங்கிருந்து எடுத்தேன். அன்று முதல் இயந்திரம் மறுபடி ஆடுகிறது. அது குறித்து இதுவரை மூன்று முறைப்பாடுகள் பதிவாகியுள்ளன.

8. ஜூலை 9, 10 தேதிகளில், திருமதி சாண்டெலினின் சம்மதத்துடன், என் மதிய உணவு நேரத்தில் நான்கு சோதனைகள் செய்தேன்.
அ) பழைய கிட்டில் ஒரு பெட்டி குளிர்பெட்டியின் அடியில் மிச்சமிருந்தது; காலாவதியாகவில்லை. அதில் அவர் இரத்தத்தைச் சோதித்தேன். எச்.சி.ஜி. இல்லை.
ஆ) சிறுநீரைச் சோதித்தேன். அந்த எதிர்ப்புப் பொருள் உருவில் பெரியது, சிறுநீருக்குள் வராது, எச்.சி.ஜி. வரும். உண்மையான 143 இருந்தால் சிறுநீர் காட்டிக்கொடுத்திருக்கும். இல்லை.
இ) சீரத்தை (இரத்தத்தின் தெளிநீரை) இரண்டு மடங்கு நீர்க்கச் செய்து புதிய கிட்டில் சோதித்தேன். பாதியாகியிருக்க வேண்டும். 118 வந்தது. கணக்கு இப்படி உதைப்பது, அளக்கப்படுவது வேறு ஏதோ என்பதற்கு அடையாளம்.
ஈ) சீரத்தில் கொஞ்சம் முயல் சீரம் கலந்து, அந்த எதிர்ப்பு அதிலேயே பிடித்துத் தீர்ந்துபோகும்படி விட்டு, அதே புதிய கிட்டில் சோதித்தேன். 143 என்பது இல்லையென்று ஆனது.

9. இவற்றை ஜூலை 11 அன்று கடிதமாக எழுதித் திரு. லிண்ட்ஸ்டாமின் மேசையில் வைத்தேன். அவர் நாற்பத்தொரு வயதினர், மேலாண்மை பயின்றவர், நல்ல சட்டைகள் அணிபவர். சீரத்தைக் கையால் தொட்டு ஒன்பது ஆண்டுகள் இருக்கும். அவர் முதலில் கேட்டது, இச்சோதனைகளுக்கு எந்த மருத்துவர் ஆணை கொடுத்தார் என்பதே. எவரும் கொடுக்கவில்லை என்றேன். ஆணை இல்லாவிட்டால் கணினியில் எண் இல்லை; எண் இல்லாவிட்டால் சோதனை நடக்கவில்லை; நடக்காத சோதனையின் முடிவை மருத்துவருக்கு அனுப்ப முடியாது என்று விளக்கினார். என் கையில் இருந்த தாளைக் காட்டினேன். "குன்வோர், யாரும் கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றது நம்ம வேலை இல்ல" என்றார். முயலைப் பற்றிச் சொன்னேன். "கிட்டுக்குச் சான்றிதழ் இருக்கு. முயலுக்கு இருக்கா?" என்றார். அறையிலிருந்த இருவர் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

10. ஆயினும் அவர் கடமை தவறியவர் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தூவாவின் இரத்தத்தை மறுசோதனை செய்ய உத்தரவிட்டார். எந்தக் கிட்டில்? அதே புதிய கிட்டில். எந்தக் கருவியில்? அதே கருவியில். மூன்று முறை செய்யப்பட்டது. மூன்று முறையும் 143க்கு அருகிலேயே வந்தது. "மூன்று முறை உறுதி செய்யப்பட்டது" என்று டாக்டர் மோலினின் கோப்பில் ஏற்றப்பட்டது. ஒரே பொய்யை ஒரே வாயிடம் மூன்று தடவை கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று சாட்சிகள் உள்ளன என்கிறார்கள். இதற்கு ஓர் ஆய்வகம் தேவையில்லை, ஒரு கிளி போதும்.

11. என் கடிதத்தை வியாழக்கிழமைக் கூட்டத்தில் வைத்து எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்கலாம் என்றும் சொன்னார். எங்கள் ஆய்வகத்தில் யாரும் யாருக்கும் முடியாது என்று சொல்வதில்லை. கூட்டத்தில் வைக்கலாம் என்றுதான் சொல்வார்கள். ஜூலையில் வியாழக்கிழமைக் கூட்டம் கிடையாது. அடுத்த கூட்டம் ஆகஸ்ட் 14. கருப்பை எடுக்கப்பட்டு ஏழு நாள் கழித்து, அதை எடுக்கலாமா என்று காப்பியும் ஏலக்காய் ரொட்டியுமாக உட்கார்ந்து பேசுவோம். திரு. லிண்ட்ஸ்டாம் ஜூலை 18 முதல் விடுப்பில் உள்ளார். போகுமுன் மறக்காமல் எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை வழங்கினார்: ஆணையற்ற சோதனை செய்தமை, கிட்டின் குழிகளை வீணாக்கியமை. கிட்டை விற்ற நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். ஓர் இனிய குரல், அனைவரும் கோடையை அனுபவித்துக்கொண்டிருப்பதாகவும் ஆகஸ்ட் 11 அன்று மகிழ்ச்சியுடன் திரும்புவதாகவும் தெரிவித்தது.

12. டாக்டர் மோலினின் இடத்தில் இருக்கும் தற்காலிக மருத்துவரையும் நேரில் கண்டேன். அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. அவருக்கென்று தனியாக ஒரு குற்றம் செய்யும் துணிவும் இல்லை. தாளைப் பொறுமையாகப் படித்தார். நம்பினார் என்றே நினைக்கிறேன். பிறகு, "நான் ஆகஸ்ட் பத்து வரைக்கும்தான் இங்க. மோலின் போட்ட திட்டத்துல நான் கை வச்சா நல்லாவா இருக்கும்?" என்றார். நல்லாயிருக்காது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஏழாம் தேதி அறுவையைச் செய்யவிருப்பவரும் அவரே.

13. திருமதி சாண்டெலின் ஏன் மறுக்கவில்லை என்று தாங்கள் கேட்கலாம். நான் மருத்துவர் அல்ல. கட்டி இல்லை என்று நோயாளியிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. இருந்தும் சொன்னேன். அக்குற்றத்தையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளவும். அவர் என் சொல்லைக் கேட்டு, மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் சிறுநீர்ப் பட்டை வாங்கி, வீட்டில் சோதித்து, ஒற்றைக்கோடு விழுந்ததைப் படமெடுத்துக்கொண்டு தற்காலிக மருத்துவரிடம் போனார். வீட்டுச் சோதனையை நம்பிப் புற்றுநோயைத் தள்ளிப்போட்டால் நுரையீரலுக்குப் போய்விடும், பிறகு தாம் பொறுப்பல்ல என்று சொல்லி அம்மருத்துவர் அனுப்பிவிட்டார். அன்று மாலை தூவா என்னை அழைத்தார். "ஒரு பக்கம் நீங்க ஒருத்தர். இந்தப் பக்கம் அத்தனை பேரும் தப்பாவா சொல்லுவாங்க?" என்று கேட்டார். அத்தனை பேரும் ஒரே எண்ணைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. சென்ற வாரம் அவர் தடைக்கம்பங்களையும் ஆறு முயல்களையும் இன்னொரு போட்டியாளருக்குக் கொடுத்துவிட்டார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு குனிந்து தூக்க முடியாதல்லவா என்றார். குழந்தைக்கென்று ஒதுக்கியிருந்த அறையில்தான் பிரிகேடியர் தற்போது உறங்குகிறது.

14. ஐயா, நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. தங்கள் கையெழுத்துடன் ஓர் ஆணை வேண்டும். அந்த ஆணையின் பேரில் திருமதி சாண்டெலினின் சிறுநீர் ஒரு குவளையும் இரத்தம் ஒரு குழாயும் வேறு மாவட்ட மருத்துவமனைக்கு, முயல் சரக்கு இல்லாத கிட்டில் சோதிக்க அனுப்பப்பட வேண்டும். பேருந்தில் அனுப்பினாலே மூன்று மணி நேரம்தான். முடிவு வரும்வரை அறுவை நிறுத்திவைக்கப்பட வேண்டும். அங்கே கட்டி உண்டு என்று வந்தால், என்னைப் பணிநீக்கம் செய்யலாம். நான் வாதாட மாட்டேன். திரு. லிண்ட்ஸ்டாம் குறித்து நான் மேலே கூறியவை அனைத்தும் உண்மை. அவர் முட்டாள் அல்லர். முட்டாளாக இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பார்.

15. பொருளில் "இன்னொருவர்" என்று குறிப்பிட்டவரைப் பற்றி இதுவரை எழுதவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மே 12 அன்று புதிய கிட்டைப் பழைய கிட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்து, "மாறலாம்" என்று கையொப்பமிட்டவர் ஒருவர் உண்டு. இருபது மாதிரிகளை அவர்தான் பொறுக்கினார். உறைபெட்டியைத் திறந்ததும் கைக்கு எட்டியவற்றை எடுத்தார், தூவாவைப் போல வாரந்தோறும் சோதனைக்கு வருபவர்களின் மாதிரிகள் பின்வரிசையில் இருந்தன, கை சில்லிட்டது. முப்பத்திரண்டு பக்கக் கையேட்டை முதல் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, எல்லாக் கையேடும் ஒன்றுதான் என்று மூடினார். அன்று காப்பி இயந்திரம் புதிய இடத்துக்கு மாற்றப்பட்டு ஆடிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையேட்டை நான்காக மடித்துக் காலுக்கு அடியில் செருகினார். காப்பி சிந்தாமல் வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள், அவருக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. ஜூலை 9 அன்று கையேட்டைத் தேடி நான் நேராக அந்த இயந்திரத்திடம் போனது எப்படி என்று தாங்கள் இந்நேரம் யோசித்திருப்பீர்கள்.

16. அவர் மீதும் உரிய நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன். அவர் பெயரும் முகவரியும் இம்மனுவின் முதல் வரிகளில் உள்ளன. எங்கள் இருவரையும் எந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் வைத்து வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம், எங்களுக்கு அவசரமில்லை. தூவாவுக்கு இந்த வியாழக்கிழமை ஒன்றுதான் இருக்கிறது.

தங்கள் ஆணையை எதிர்நோக்கித் தொலைபேசியின் அருகிலேயே இருக்கும்,

(ஒப்பம்)
குன்வோர் ரைடெல்

இடம்: ஹோல்ம்ஸ்விக்
நாள்: 04.08.2014, திங்கள்

இணைப்புகள்:
1. திருமதி தூவா சாண்டெலினின் சம்மதக் கடிதம், அவர் கைப்பட.
2. ஜூலை 9, 10 தேதிகளில் செய்த, ஆய்வகக் கணக்கின்படி நடக்காத, நான்கு சோதனைகளின் முடிவுகள்.
3. எழுத்துமூல எச்சரிக்கையின் நகல்.
4. மே 12 ஒப்பீட்டு அறிக்கை, என் கையொப்பத்துடன்.
5. கிட்டின் கையேடு, மூலப்படி. பதினான்காம் பக்கத்தில் காப்பிக் கறையும் இயந்திரக் காலின் வட்ட அச்சும் உள்ளன. கீழிருந்து மூன்றாம் வரி தெளிவாகவே தெரிகிறது.